மேல போயிட்டாரு

என் வீட்டுக்காரருக்கு ஊர்ல எல்லாரும் வெச்ச பேரு கூலிங். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எந்த வீட்டுக்குப் போனாலும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி குனிஞ்சு காதை வெச்சுக் கேட்டுட்டு, "பயப்படாதீங்க, கூலிங் ஏறிடும்"னு சொல்லுவாரு. அதுல வந்த பேரு. ஆனா அந்த மனுஷனுக்குள்ள கூலிங் ஏறி நான் ஒரு நாளும் பார்த்ததில்ல. கால்ல சக்கரம் கட்டிக்கிட்டே பொறந்த ஆளு. சாப்பிட உக்காந்தாக்கூட ஒரு கால் வாசலைப் பார்த்துத்தான் இருக்கும்.

கல்யாணம் ஆனதுலேர்ந்து எத்தனை வீடு மாறினோம்னு என்கிட்ட கேக்காதீங்க, வயிறு எரியும். மக எந்த வீட்ல நடக்க ஆரம்பிச்சா, எந்த வீட்ல அவளுக்கு முதல் பல்லு விழுந்துச்சுன்னுதான் நான் கணக்கு வெச்சிருக்கேன். ஒரு வீட்ல ஸ்விட்ச் எங்க இருக்குன்னு கைக்குப் பழகும்போது, "ஏம்மா, ஒரு வீடு பார்த்தேன்"னு ஆரம்பிப்பாரு. அவ்வளவுதான். மறுபடியும் அட்டைப்பெட்டி, மறுபடியும் கயிறு.

தப்பு அவரு வேலை மேல. காலையில ஒரு ஏரியா, மத்தியானம் ஒரு ஏரியான்னு சுத்துற பொழப்பு. கூடத்தைப் பார்த்தா ஏமாந்துடலாம், ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தா ஏமாற முடியாதுன்னு பெரிய ஞானி மாதிரி பேசுவாரு. பழைய சந்தைப் பக்கம் ஃப்ரிட்ஜைத் திறந்தா உள்ள இருக்கிறது கால்மேல வந்து விழுமாம். அங்க ஜனங்களும் அப்படித்தான், வாசல்ல கால் வெச்சதும் ஆளாளுக்கு மேல விழுந்து பேசுவாங்க, சாப்பிடாம விடமாட்டாங்க, கூலியில மட்டும் பேரம் பேசிப் பேசி ஆளை உரிச்சிடுவாங்க. மில்லுப் பக்கம் மூணு குடும்பத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ். தட்டுக்குத் தட்டு சொந்தக்காரங்க வேற. ஒருத்தர் தக்காளி அடுத்தவங்க தட்டுக்கு உருண்டுட்டா அன்னைக்கு தெருவே கூடிடும். ஆனா யாருக்காவது உடம்பு முடியலைன்னா, சண்டை போட்ட அதே கைதான் தூக்கிட்டு ஓடுமாம்.

புது லேஅவுட்ல ஃப்ரிட்ஜ் பேசும், மனுஷங்க பேசமாட்டாங்க. கதவைத் திறந்து வெச்சா அதுவே கூப்பிட்டுச் சொல்லும். வீட்டு அம்மாவோ பக்கத்து ரூம்ல இருந்துக்கிட்டே, "முடிஞ்சுதா?"ன்னு இவருக்கு மெசேஜ் அனுப்புவாங்களாம். வாட்ச்மேன் இவரை தினமும் பார்ப்பான், தினமும் "யாரு, எந்த பிளாக்"னு கேப்பான். இப்படியெல்லாம் நக்கல் பண்ணுவாரு, ஆனா அடுத்த மூச்சுலயே, "ஆனா லிஃப்ட் இருக்கு பாரு, உனக்கு முட்டி வலி"ன்னு இழுப்பாரு. அப்பவே நான் அட்டைப்பெட்டியை எண்ண ஆரம்பிச்சுடுவேன்.

எந்த ஏரியாவைச் சொன்னாலும் கடைசியில வந்து நிக்கிறது மேடுதான். எங்க ஊருக்கு நடுவுல ஒரு குன்று. அதுமேல பெரிய பெரிய வீடுங்க, ரெண்டு பக்கமும் மரம். அதுக்குப் பேரு மேடு. அதுக்கு அடிவாரத்துல, மழை பெஞ்சா மேட்டுத் தண்ணியெல்லாம் வந்து விசாரிச்சுட்டுப் போற இடம் பள்ளம். நாங்க இருக்கிறது அங்கதான். "எங்க குடியிருக்கீங்க?"ன்னு யாராவது கேட்டு நாம பள்ளம்னு சொன்னா, அடுத்த கேள்வி எழுதி வெச்ச மாதிரி வரும்: "அய்யய்யோ, தண்ணி வருமே?" வரும்தான். வந்தா என்ன, போயும்தானே போகுது!

பள்ளத்துக்காரங்க பேச்சுல மேட்டுக்கு இன்னொரு பேரு 'மேல'. 'மேல வேலைக்குப் போறேன்', 'மேல இன்னைக்குக் கரண்ட் இல்லையாம்', 'அவங்க பையன் நல்லா சம்பாரிச்சு மேல போயிட்டான்.' இந்தத் தெருவுல பொறந்த குழந்தைக்குக்கூட 'மேல'ன்னா மேடுதான். மத்த ஏரியாவுல அப்படியில்லைன்னு எங்க யாருக்கும் தோணினதே இல்ல. அதுல வந்ததுதான் இவ்வளவு வினையும்.

"மேட்டுல அப்படி என்னங்க இருக்கு?"ன்னு ஒரு தடவை கேட்டேன்.

"அமைதி. குழந்தைங்ககூட மெதுவாத்தான் அழுதுங்க."

"அது அமைதியா? அந்தக் குழந்தைக்கு என்ன கேடோ!"

சிரிச்சாரு. அப்புறம் சிரிப்பு போயிடுச்சு. அவருக்குச் சின்ன வயசுலயே அப்பா அம்மா இல்ல. சித்தப்பா வீட்ல கொஞ்ச நாள், மாமா வீட்ல கொஞ்ச நாள், பெரியம்மா வீட்ல கொஞ்ச நாள்னு பந்து மாதிரி உருண்டிருக்காரு. "எல்லாரும் நல்லவங்கதாம்மா. போன உடனே, 'இதை உன் வீடு மாதிரி நினைச்சுக்கோ'ன்னு சொல்லுவாங்க. ஒருத்தர்கூட 'உன் வீடு'ன்னு சொன்னதில்ல. அந்த 'மாதிரி' எப்பவும் கூடவே வரும்"னாரு. அந்த ஒரு பேச்சுக்காக அப்புறம் ரெண்டு வீடு வாயைத் திறக்காம மாறினேன், பாவம்னு.

ஆனா பள்ளத்துக்கு வந்தப்புறம் என் கதை வேற ஆயிடுச்சு. நான் துணி ஆல்டர் பண்றவ. கால் நீளம் குறைக்கிறது, இடுப்பு பிரிச்சு விடுறது, முக்கியமா ஜிப்பு மாத்துறது. முன்னாடி இருந்த வீட்லயெல்லாம் அக்கம்பக்கத்துக்கு நான் 'புதுசா வந்தவங்க'. அந்தப் பேரு பழசாகிறதுக்குள்ள நாங்க அடுத்த தெருவுக்குப் புதுசாயிருப்போம். இங்கதான் முதல் தடவையா எனக்குன்னு ஒரு பேரு வந்துச்சு, ஜிப்பக்கா. மேட்டுல வீட்டு வேலைக்குப் போறவங்க, மில்லுல ஷிஃப்டுக்குப் போறவங்க, ஸ்கூல் பசங்க, எல்லாரும் "ஜிப்பக்கா, அவசரம்"னு துணியைத் தூக்கிப் போட்டுட்டு ஓடுவாங்க. போன மழைக்கு வாசப்படி தாண்டித் தண்ணி வந்தப்ப, எதிர்க்கடை லாண்டரி அக்கா தன் கடையில இருந்த துணி மூட்டையைக்கூட விட்டுட்டு ஓடி வந்து, முதல்ல என் மெஷினைத்தான் தூக்கித் தன் மேஜை மேல வெச்சா. இதையெல்லாம் அட்டைப்பெட்டியில போட்டுக் கட்டி எடுத்துட்டுப் போக முடியுமா, சொல்லுங்க?

அதனால அன்னைக்குக் காலையில அவரு, "ஏம்மா, மேட்டுல ஒரு வீடு. பெரிய பங்களாவுக்குப் பின்பக்க போர்ஷன். இன்னைக்குப் பார்த்துட்டு சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்"னு ஆரம்பிச்சதும் எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு.

"நான் வரல."

"வந்து பார்த்துட்டுச் சொல்லேன். வெளிச்சம் அப்படி இருக்காம்."

"வெளிச்சத்தை வெச்சு நான் என்ன பண்றது? அங்க எவ வந்து என்கிட்ட ஜிப்பு மாத்துவா? ஜிப்பு போனா பேண்ட்டையே தூக்கிப் போடுற ஜனம்!"

"எப்பப் பாரு இந்தப் பள்ளத்தையே கட்டிக்கிட்டு அழு. மனுஷன் இருக்கிற இடமா இது? நாலு பேருகிட்ட சொல்லிக்கவே எனக்குக் கூசுது."

அதோட விட்டிருக்கலாம். விட்டா நான் நானில்லையே. அவரு ஸ்கூட்டரை மிதிச்சுக் கிளப்பிட்டாரு, நானும் வாசலுக்கு ஓடி வந்துட்டேன். தெருவே கேக்கக் கத்தினேன்: "போங்க! நீங்க மட்டும் ஒரேயடியா மேல போய்ச் சேருங்க! நான் இங்கேயே இருக்கேன், நிம்மதியா இருக்கேன்!"

தெருமுனையில திரும்பும்போது அவரு திரும்பிக்கூடப் பார்க்கல. கோவத்துல என் ஃபோனை அணைச்சு துணிக்குவியலுக்கு அடியில சொருகிட்டு, கதவைப் பூட்டிட்டு, நூல் வாங்கப் போயிட்டேன். வீட்ல நூல் இல்லாம இல்ல. ஒரு இடத்துல நிக்க முடியல, அதான். அந்தாளு வியாதி அன்னைக்கு எனக்கும் ஒட்டிக்கிச்சு.

நான் அந்தப் பக்கம் போனதும் பழைய சந்தையிலேர்ந்து பாத்திரக்கடைக்காரர் வந்திருக்காரு. அவரு வீட்டு ஃப்ரிட்ஜ் நின்னுபோச்சு. எங்க ரெண்டு பேரு நம்பரும் கிடைக்கலைன்னு வண்டியைப் போட்டுக்கிட்டு நேரா வந்துட்டாரு. வீடு பூட்டிக் கிடக்குது. எதிர்ல லாண்டரி அக்கா தேய்ச்சுக்கிட்டு நிக்கிறா. அவ நல்லவ, ஆனா பேச்சுல ரொம்பக் கஞ்சம். அஞ்சு வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை குடுப்பா. அவ பின்னாடி என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்றேன், கேளுங்க.

"கூலிங் எங்க?"

"மேல போயிட்டாரு."

"என்னது! எப்போ?"

"காலையில."

"நேத்து சாயங்காலம்கூட பார்த்தேனே! திடீர்னா?"

"திடீர்னு எல்லாம் இல்ல. ரொம்ப நாளாவே அந்த நினைப்புதான். இன்னைக்குப் போயிட்டாரு."

"அய்யோ! அவங்க சம்சாரம்?"

"அவ நல்லா கத்தினா. கத்தி என்ன பண்றது? போறவரைப் புடிச்சா நிறுத்த முடியும்?"

பாத்திரக்கடைக்காரர் துண்டை எடுத்து மூஞ்சியைப் பொத்திக்கிட்டாராம். ஒரு வீடு மாறுறதுக்கு இந்தாளு ஏன் இப்படி உருகுறாருன்னு லாண்டரி அக்காவுக்கே ஆச்சரியமாம். அவ்வளவு ஆச்சரியப்பட்டவ ஒரு வார்த்தை கூடுதலாக் கேட்டிருந்தா என்ன? கேக்கமாட்டா. அவ கேட்டிருந்தா இந்தக் கதையே இல்ல.

சந்தைக்காரங்க கிட்ட ஒரு விஷயம் சொன்னா போதும், தண்டோரா வேணாம். நான் நூலை வாங்கிட்டு, வேணும்னே சுத்து வழியா நடந்து, கதவைத் திறந்து மெஷின்ல உக்காந்தேன். ஒரு பேண்ட்டுக்கு ஜிப்பு பிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே மில்லுப் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா ஓடி வந்து என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. மூணு குடும்பத்து ஃப்ரிட்ஜ்ல நடுத்தட்டுக்காரங்க.

"போயிட்டாராமே அக்கா!"

"ஆமா, போயிட்டாரு. போகட்டும்."

"அக்கா..."

"என்ன நொக்கா? எத்தனை நாள்தான் நானும் பொறுத்துப் போறது? சனியன் விட்டுச்சுன்னு இருக்கேன். இன்னைக்குத்தான் நிம்மதியா ஒரு வாய் தண்ணி குடிச்சேன்."

அந்த அம்மா கையை எடுத்துட்டு ரெண்டடி பின்னாடி போயிட்டாங்க. என் மூஞ்சியையும் பார்த்தாங்க, மடியில இருந்த பேண்ட்டையும் பார்த்தாங்க. "எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?"ன்னு மெதுவாக் கேட்டாங்க.

"எதை?"

"பாடியை."

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கல. விளங்கினதும் சிரிப்பு வந்துச்சு பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு! "அய்யோ அம்மா, மேலன்னா மேடு! வீடு பார்க்கப் போயிருக்காரு!"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். அந்த அம்மா சிரிக்கல. துக்கத்துல எனக்குச் சித்தம் கலங்கிடுச்சுன்னு முடிவு பண்ணி, வாசல்ல நின்னவங்ககிட்ட, "பாவம், இன்னும் ஏத்துக்கல"ன்னு சொல்லிட்டாங்க. அப்பதான் எட்டிப் பார்த்தேன். வாசல்ல ஏற்கெனவே பத்துப் பதினஞ்சு பேரு நிக்கிறாங்க.

சரி, அந்தாளையே பேச வெச்சுடலாம்னு துணிக்கு அடியிலேர்ந்து ஃபோனை உருவி எடுத்து அவருக்குப் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். பரவாயில்ல, சார்ஜ் இருக்காதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே வேற மாதிரி கேட்டுச்சு.

மேட்டுல இருந்து இறங்குற ரோடு தெரியுமா உங்களுக்கு? ஒரே சரிவு, தண்ணி லாரி தலைதெறிக்க வரும். ஸ்கூட்டர்ல பிரேக் சரியில்ல, பாருங்க பாருங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஊரு ஃப்ரிட்ஜையெல்லாம் சரி பண்ற ஆளுக்குச் சொந்த வண்டியைப் பார்க்க நேரமில்ல. அதுவும் கோவத்துல போயிருக்காரு. 'ஒரேயடியா மேல போய்ச் சேருங்க'ன்னு நான்தானே கத்தினேன். தெருவே கேட்டுச்சே. நான் சொன்னது மேட்டைத்தான். ஆனா சொல்லுக்கு நான் நினைச்சது தெரியுமா?

உக்கார முடியல. எந்திரிச்சேன். அடுப்படிக்குப் போனேன், எதுக்குப் போனேன்னு தெரியாம திரும்பி வந்தேன். வாசலுக்கும் மெஷினுக்குமா நடந்தேன். பிரிச்ச ஜிப்பு கையிலேயே இருந்துச்சு. அந்த நேரம் பார்த்து வேற ஊர்ல வேலை பார்க்கிற என் மக கூப்பிட்டா. "அம்மா, அப்பாவுக்கு என்ன ஆச்சு? லேஅவுட் ஃப்ரெண்டு மெசேஜ் போட்டிருக்கா. அம்மா, சொல்லும்மா!"

"ஒண்ணுமில்லடி, மேல... மேட்டுக்குப் போயிருக்காரு."

"அப்பாகிட்ட ஃபோனைக் குடு."

குடுக்கிறதுக்கு ஆள் இல்ல. அவ அந்தப் பக்கம் ஓன்னு அழுதா. நான் தைரியம் சொல்லிக்கிட்டே இந்தப் பக்கம் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அப்பதான் எனக்கு உடைஞ்சுது. அந்தாளு உசுரோட வரட்டும், மேட்டுக்கோ, காட்டுக்கோ, எங்க கூப்பிட்டாலும் மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போறேன்னு மனசுக்குள்ள கதறினேன். பெத்த மகளுக்குக் கேட்டுடக்கூடாதுன்னு வாயைக் கையால பொத்திக்கிட்டேன்.

லாண்டரி அக்காவுக்கு விஷயம் அதுக்குள்ள எட்டிடுச்சு. இஸ்திரிப் பெட்டியை அணைச்சுட்டு வந்து, "என் வாயில கொள்ளியை வைக்க"ன்னு தன் கன்னத்துலயே போட்டுக்கிட்டா. அவ மகனை வண்டியில மேட்டுக்கு அனுப்பினா. அவன் போய்த் தெருத்தெருவா சுத்தியிருக்கான். அங்க யாரைக் கேட்டாலும், "ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கா? தெரியாதே"ன்னு கதவைச் சாத்திக்கிட்டாங்களாம்.

தெருவுல கால் வைக்க இடமில்ல. சந்தைக்காரங்க குடும்பம் குடும்பமா வந்துட்டாங்க, அழறதுலயும் ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேக்கல. லேஅவுட்லேர்ந்து சங்கத்துப் பேரு எழுதின பூவளையத்தோட நாலு பேரு வந்து, யார்கிட்டயும் பேசாம ஃபோனைப் பார்த்துக்கிட்டு வரிசையா நின்னாங்க. "துக்க வீட்ல எப்படி நிக்குதுங்க பாரு, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி"ன்னு சந்தை அம்மா ஒருத்தங்க. "இவங்க சத்தத்துக்கு, செத்தவரு எந்திரிச்சு ஓடிடுவாரு"ன்னு லேஅவுட் ஆளு ஒருத்தர். மில்லுக்காரங்க ரெண்டு பேரையும் அதட்டி உக்கார வெச்சுட்டு, எங்கேயோ போய் நாற்காலி கொண்டு வந்து போட ஆரம்பிச்சாங்க. ஆனா ஒரு விஷயத்துல மட்டும் எல்லாரும் ஒத்துமை. சாக்கடை ஓரமா நின்னுக்கிட்டு, "பாவம், எவ்வளவு நல்ல மனுஷன்! இந்தப் பள்ளத்துல வந்து குடியிருந்திருக்காரே"ன்னு அதே பாட்டு.

மேட்டுலேர்ந்து யாருமே வரலைன்னு சொல்லக்கூடாது. ஒரு டிரைவர் வந்தான். காரை தெருமுனையிலேயே நிறுத்திட்டு, செருப்புல சேறு படாம எட்டி எட்டி வந்தான். "மேடம் அனுப்பிச்சாங்க. எங்க ஃப்ரிட்ஜ் பார்ட் ஒண்ணு அவருகிட்ட இருக்காம். வாங்கிட்டு வரச் சொன்னாங்க"ன்னான். அவனை அடிக்காம விட்டதுக்கு மில்லுக்காரங்களை நீங்க கையெடுத்துக் கும்பிடணும்.

பொழுது சாயுற நேரம். நான் வாசப்படியில உக்காந்திருக்கேன். யாரு பேசுறதும் காதுல விழல. தெருமுனையில ஏதோ சண்டை சத்தம். பாத்திரக்கடைக்காரர், "செத்த வீட்லயும் சண்டையா, எவன்டா அது?"ன்னு எட்டிப் பார்த்தாரு. அந்தக் கும்பலுக்கு நடுவுல ஒரு குரல் கேட்டுச்சு.

"பள்ளத்துக்கு என்னய்யா குறைச்சல்? சொல்லு! என்ன குறைச்சல்?"

அந்தக் குரலை எனக்குத் தெரியாதா! அப்படியே எந்திரிச்சு, ஆளுங்களைத் தள்ளிக்கிட்டு ஓடினேன்.

நடந்தது இதுதான். தெருமுனையில கார் அடைச்சுக்கிட்டு நிக்கவும், இவரு ஸ்கூட்டரை நிறுத்திட்டு, அந்த டிரைவர்கிட்டயே, "என்னங்க கூட்டம், யாரு தவறிட்டாங்க?"ன்னு கேட்டிருக்காரு. அவன் இவரைப் பார்த்ததில்ல. "யாரோ ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காம். இந்தப் பள்ளத்துல மனுஷன் இருப்பானா சார்? போய்ச் சேர்ந்ததே மேல்"னு சொல்லியிருக்கான். செத்தது தான்தான்னு இவருக்கு உரைக்கிறதுக்கு முன்னாடி பள்ளம்கிற வார்த்தைதான் உரைச்சிருக்கு. காலையில என்கிட்ட 'மனுஷன் இருக்கிற இடமா'ன்னு கேட்ட அதே வாய்! அவன் சட்டையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. "தண்ணி வருதுன்னா எங்கேர்ந்துடா வருது? உங்க மேட்டுலேர்ந்துதானே வருது! எங்க ஜனங்க முட்டியளவு தண்ணியில நின்னு மெஷினைத் தூக்குவாங்க, உங்க ஜனங்க எவனாவது தூக்குவானா?"

பின்னாடி பூவளையத்தோட நின்ன லேஅவுட் ஆளு, "சார்... நீங்க..."ன்னு அப்படியே நின்னுட்டாரு. பாத்திரக்கடைக்காரர் "கூலிங்!"னு கத்தினதுல என் காது அடைச்சிடுச்சு.

நான் போய் அவரு நெஞ்சுலயே ரெண்டு கையாலயும் அடிச்சேன். "எங்க போனீங்க, எங்கய்யா போனீங்க? ஃபோனுக்கு என்ன கேடு?"ன்னு அடிச்சுக்கிட்டே அழுதேன், ஊரே பார்க்க. அடிச்ச கைக்கு அவரு நெஞ்சு சூடா இருந்துச்சு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்னு தோணிச்சு.

மககிட்ட முதல்ல பேச வெச்சேன். அப்புறம் நாற்காலியில உக்கார வெச்சு, ஆளாளுக்கு அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. லாண்டரி அக்கா தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையா நீளமாப் பேசி நடந்ததைச் சொன்னா. அவரு சிரிக்கல. சட்டை கசங்கி, தலை கலைஞ்சு, புதுசா எங்கேயோ வந்து நிக்கிற புள்ளை மாதிரி முழிச்சாரு.

"வீடு?"ன்னு நான்தான் கேட்டேன்.

"பங்களாக்காரங்க சாவியைக் குடுத்து, பார்த்துக்கிட்டு இருங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஃபோன்ல சார்ஜ் போயிடுச்சு, அங்க கரண்ட்டும் குடுக்கல. நானும் தரையில உக்காந்துட்டேன். ரொம்ப நேரம் உக்காந்திருந்தேம்மா. ஜன்னல் திறந்துதான் கிடந்துச்சு. எத்தனையோ பேரு குறுக்க போனாங்க. ஒருத்தர்கூட, 'யாருப்பா நீ'ன்னு கேக்கல."

அப்புறம் சுத்தி நின்ன அத்தனை மூஞ்சியையும் ஒவ்வொண்ணாப் பார்த்தாரு. சந்தை, மில்லு, லேஅவுட், பள்ளம். கடைசியில என்கிட்ட வந்து கண்ணு நின்னுச்சு.

"நீ அழுதியா?"

"நான் எதுக்கு அழறேன்?"னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

"பொய்"னா லாண்டரி அக்கா. பழையபடி ஒரே வார்த்தை.

மனசுக்குள்ள செஞ்ச சத்தியம் எனக்கு ஞாபகம் இருந்துச்சு. அவரு கையைப் புடிச்சு, "ஏங்க, அந்த வீடு உங்களுக்குப் புடிச்சிருந்தா போலாம். நான் வரேன்"னு சொன்னேன். வாய் சொல்லுது, கண்ணு என் மெஷினைப் பார்க்குது. அவரு என்னையும் பார்த்தாரு, நான் பார்த்த இடத்தையும் பார்த்தாரு. பாத்திரக்கடைக்காரர்கிட்ட, "உங்க ஃபோனைக் குடுங்க"ன்னு கையை நீட்டினாரு. சட்டைப் பையிலேர்ந்து ஒரு அட்டையை எடுத்து நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாரு. தெருவே மூச்சை அடக்கிக்கிட்டுக் கேட்டுச்சு.

"சார், நான் காலையில வீடு பார்த்தேனே, ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வீடு ரொம்ப நல்லா இருக்கு சார். காத்து, வெளிச்சம், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா எங்களுக்கு வேணாம் சார்."

அந்தப் பக்கம் வீட்டு ஓனர் என்னமோ கேட்டாரு.

"வாடகை பிரச்சினை இல்ல சார்... தண்ணியா, தண்ணியும் நல்லா வருது... இல்ல சார், எப்படிச் சொல்றதுன்னு தெரியல." குரல் கம்மிப் போச்சு. "நான் செத்தா, அங்க அழறதுக்கு ஆள் இல்ல சார்."

அந்த மனுஷன் ரொம்ப மரியாதையா, "அதுக்கெல்லாம் ஓனர் பொறுப்பு எடுத்துக்க முடியாதுங்களே"ன்னு சொன்னாராம்.

"தெரியும் சார்"னு சொல்லி ஃபோனைத் திருப்பிக் குடுத்தாரு. வந்தவங்க யாரும் கிளம்புற மாதிரி தெரியல. "பசிக்குதும்மா"ன்னாரு. நான் அடுப்பைப் பத்த வைக்க உள்ள போனேன்.